பாண்டரோசாவும் ஜெஃப்ரியும்: சில குறிப்புகள்

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் பல இடங்களில் இந்த இரண்டு பைன் மரங்களும் கலந்தே நிற்கும். இரண்டுக்கும் ஊசியிலை மும்மூன்றாகத்தான். முதிர்ந்தால் இரண்டின் பட்டையும் செம்மஞ்சளாகி, பாளம் பாளமாக வெடிக்கும். காரில் போகிற போக்கில் பார்த்துப் பெயர் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

*

கீழே கிடக்கும் காயை எடுத்துக் கையால் பொத்திப் பிடித்தால் தெரிந்துவிடும். பாண்டரோசா குத்தும், செதில் முள் வெளியே நீட்டியிருக்கும். ஜெஃப்ரியின் முள் உள்ளே மடங்கியது. காயும் பெரிது, ஒரு சாண் வரை வரும். பாண்டரோசா அதில் பாதி.

*

நல்ல வெயிலில் ஜெஃப்ரியின் பட்டை வெடிப்பில் மூக்கை வைத்தால் வெனிலா வாசனை. சிலருக்கு அன்னாசி. பாண்டரோசாவில் பெரும்பாலும் டர்பன்டைன் நெடிதான். ஆனால் சில ஊர்ப் பாண்டரோசாவும் வெனிலா மணக்கும் என்பதால் மூக்கு மட்டும் போதாது.

*

விஷயமே பிசினில்தான் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–65) தெற்கிலிருந்து டர்பன்டைன் வரத்து நின்றது. கலிஃபோர்னியாவில் பைன் பிசினை இறக்கிக் காய்ச்ச ஆரம்பித்தார்கள். பாண்டரோசா பிசின் ஒழுங்காகக் காய்ந்தது. அடையாளம் தெரியாமல் ஜெஃப்ரி பிசினை ஊற்றிய கொப்பரைகள் வெடித்தன. அதில் வடிவது டர்பன்டைன் அல்ல, ஏறக்குறைய முழுக்க ஹெப்டேன். பெட்ரோலில் இருக்கிற அதே சரக்கு. மரத்துக்குள் அது எதற்கு!

*

1920களில் எரிபொருளுக்கு ஆக்டேன் அளவுகோல் வகுத்தபோது, பூஜ்யத்துக்குச் சுத்தமான ஹெப்டேன் வேண்டியிருந்தது. ஜெஃப்ரி பிசினிலிருந்து வடித்தே எடுத்தார்கள்.

*

மரத்தின் பெயருக்குரிய ஜான் ஜெஃப்ரி: ஸ்காட்லாந்துக்காரர். விதை சேகரிக்க 1850இல் அனுப்பப்பட்டவர். 1854க்குப் பிறகு ஆளைக் காணவில்லை.

*

ஜெஃப்ரியைப் பாண்டரோசாவின் ஒரு ரகம் என்றே வெகுகாலம் பலர் எழுதினார்கள். பிசினைக் கேட்டால் வேறு உறவு சொல்கிறது. ஹெப்டேன் இருப்பது கூல்டர் பைனிலும் சாம்பல் பைனிலும். கூல்டரோடு ஜெஃப்ரி காட்டிலேயே கலப்பதும் உண்டு, பாண்டரோசாவோடு அபூர்வம். முகஜாடை ஒரு பக்கம், ரத்தம் ஒரு பக்கம். கூல்டரின் பச்சைக் காய் ஒன்றே 2 கிலோவுக்கு மேல் எடை. அந்த மரத்தடியில் மட்டும் கூடாரம் போடக் கூடாது.