துண்டு விழுந்த இரண்டு உதைகள்

முப்பத்தோரு வருஷம் கூட்டுறவு வங்கிகளில் தணிக்கை பார்த்தவனுக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொள்ளும். யாராவது ஒரு தொகையைச் சொன்னால் போதும், மனசு தானாகக் கூட்டிக் கழிக்க ஆரம்பித்துவிடும். வடக்கு இங்கிலாந்தில், விகனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பேரனைப் பார்த்துக்கொள்ளப் போனபோது, அந்த வியாதி என்னைக் கடலோரக் கிராமம் ஒன்று வரை இழுத்துக்கொண்டு போனது.

ஆரம்பித்து வைத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். எண்பத்து நாலு வயது, நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த உடம்பு. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். மூன்றாவது வார்த்தை விகனின் பழைய ரக்பி ஆட்டக்காரன் ஜிம் சல்லிவனாகத்தான் இருக்கும்.

"1925, பிப்ரவரி 14. சென்ட்ரல் பார்க் மைதானம். எங்கப்பாவுக்கு அப்போ பதினஞ்சு வயசு, நேர்ல பார்த்தார். ஒரே ஆட்டத்துல 22 கோல். ஒண்ணுகூடத் தவறலை."

22 கோல் என்பது பொய்யில்லை. சாலஞ்ச் கோப்பை முதல் சுற்றில் விகன் அணி ஃப்ளிம்பி அண்ட் ஃபதர்கில் என்ற அணியை 116–0 என்று நசுக்கிய நாள் அது. என்னை உறுத்தியது கடைசி வாக்கியம். 'ஒண்ணுகூடத் தவறலை' என்று யாராவது சொன்னால் எனக்குக் கை அரிக்கும். எத்தனை கிளை மேலாளர்கள் அப்படிச் சொல்லி என் முன்னால் லெட்ஜரைத் தள்ளியிருக்கிறார்கள்!

நான் அதுவரை ரக்பி என்றால் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். பெரியவர் முகம் சுளித்தார். 1895-ல் ஹட்டர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்தி கிளப்புகள் கூடி, ஷிஃப்டை விட்டுவிட்டு ஆட வருகிறவனுக்கு இழந்த கூலியைக் கொடுத்தே தீருவோம் என்று பிரிந்துவந்தன. அந்தப் பங்காளிப் பிரிவில் பிறந்தது லீக், அணிக்குப் பதின்மூன்று பேர். பழைய வீட்டிலேயே தங்கியது யூனியன், பதினைந்து பேர். லீக்கில் காசு வாங்கியவனை யூனியன் அந்தக் காலத்தில் மறுபடி வாசப்படி மிதிக்க விட்டதில்லை. அது தெரிந்தேதான் 1921-ல் கார்டிஃபிலிருந்து பதினேழு வயதில் 750 பவுண்டுக்கு விகன் வந்துசேர்ந்தான் சல்லிவன். அதன்பின் பதினெட்டு சீசன்கள், ஒவ்வொன்றிலும் நூறு கோலுக்குக் குறைவில்லை. ஓய்வு பெறும்போது மொத்தம் 2,867. கணக்குப் பிள்ளைக்கு இதைவிடப் பிடித்த ஆட்டக்காரன் எங்கே கிடைப்பான்?

சரி, கணக்குக்கு வருவோம். பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் அழுத்தினால் ட்ரை, 4 புள்ளி. ட்ரை போட்டதும் கம்பங்களுக்கு நடுவே, குறுக்குச் சட்டத்துக்கு மேலே உதைக்க ஒரு வாய்ப்பு. போனால் அது கோல், 2 புள்ளி. எதிரணி விதி மீறினால் பெனால்டி, அதிலும் உதைத்து 2 புள்ளி எடுக்கலாம். பால்காரர் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். 22 கோலுக்கு 44. 116-ல் 44 போனால் 72. நாலால் வகுத்தால் 18 ட்ரை. மீதியே இல்லை! பதினெட்டு ட்ரைக்குப் பதினெட்டு உதை, மிச்சம் நாலு பெனால்டி. ஆக 22. பெரியவர் சொன்னது டேலி ஆகிவிட்டது.

ராத்திரி சந்தோஷமாகத் தூங்கினேன். காலையில் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைப் படிக்கவேயில்லை. "எங்கப்பா சொன்னதுக்குக் கணக்கு எதுக்கு?" என்றார். இருந்தாலும் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரமே நகர நூலகத்தில் வேறெதையோ புரட்டும்போது வயிற்றில் புளியைக் கரைத்தது. ட்ரைக்கு 4 புள்ளி என்று வந்ததே 1983-ல்தான். அதற்கு முன் 3. இன்றைய வட்டி விகிதத்தைப் போட்டு நூறு வருஷத்துக்கு முந்தைய கடனைத் தீர்த்திருக்கிறேன்! முதல் வருஷப் பயிற்சி எழுத்தர்கூடச் செய்யாத தப்பு. மறுபடி போட்டேன். 72-ஐ மூன்றால் வகுத்தால் 24 ட்ரை. 24 ட்ரைக்கு 24 உதை. உள்ளே போனது 22. பெனால்டியே இல்லை என்று வைத்தாலும் இரண்டு துண்டு விழுகிறது. பெனால்டியில் ஏதாவது கோல் வந்திருந்தால் பள்ளம் இன்னும் கூடும். எந்த வழியில் போனாலும் யாரோ இரண்டு முறையாவது கோட்டை விட்டிருக்கிறார்கள்.

பெரியவரிடம் சொன்னேன். "அந்த ரெண்டையும் வேற எவனாவது உதைச்சிருப்பான்" என்றார், கண்ணிமைக்காமல். பழைய சீட்டு மட்டும் அவர் பையிலிருந்து திரும்பி வரவில்லை.

இரண்டு வாரம் அந்த இரண்டு உதைகளையே சுற்றிவந்தேன். சென்ட்ரல் பார்க் மைதானத்தைப் பார்க்கப் போனேன். 1999-ல் அதை இடித்தாகிவிட்டது. அந்த இடத்தில் டெஸ்கோ நிற்கிறது. கம்பங்கள் எங்கே நின்றிருக்கும் என்று உத்தேசமாக நடந்து பார்த்ததில் பாத்திரம் கழுவும் திரவம் அடுக்கிய வரிசைக்கு வந்து சேர்ந்தேன். மகள் எழுதிக்கொடுத்த சாமான்களை வாங்கிக்கொண்டு திரும்பினேன். பெரியவரோ, விகனின் அந்த 116தான் பழைய காலத்துப் பெரிய ஸ்கோர் என்று இன்னொரு சாட்சியமும் சொன்னார். 1914-லேயே ஹட்டர்ஸ்ஃபீல்ட் 119–2 என்று ஒரு அணியை அடித்திருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஒரு வேலிக்கு ஒரு சண்டை போதும்.

எண்ணத்தைத் திருப்பியது ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. அவர் வீட்டில் டிவியில் ஆட்டம். ஒரு அணி ட்ரை போட்டது. உடனே, வாங்கிக் கட்டிக்கொண்ட அணிதான் நடுக்கோட்டில் பந்தை வைத்து, போட்டவர்களிடமே உதைத்துக் கொடுத்தது. கால்பந்தில் கோல் வாங்கியவனுக்குப் பந்து கிடைக்கும். இங்கே தலைகீழ். அடி வாங்கியவனே பிரம்பையும் எடுத்து நீட்ட வேண்டும்.

அப்படியென்றால் அந்த பிப்ரவரி நாளில் ஃப்ளிம்பிக்காரர்கள் 24 முறை நடுவே வந்து நின்றிருக்கிறார்கள். கடைசி ட்ரையோடு விசில் ஊதியிருந்தால் 23. எண்பது நிமிஷ ஆட்டம், மூன்று நிமிஷம் இருபது வினாடிக்கு ஒரு தரம். இத்தனை நாளாக வரவுப் பக்கத்தையே தணிக்கை செய்துகொண்டிருந்தேன்.

ஃப்ளிம்பி அண்ட் ஃபதர்கில் என்ற பெயரைக் கேட்டபோது, பாரி அண்ட் கம்பெனி மாதிரி ஏதோ வியாபாரக் கம்பெனி, அதன் சிப்பந்திகள் அணி என்றுதான் நினைத்திருந்தேன். வரைபடத்தில் தேடினால் ஃப்ளிம்பி ஒரு கிராமம், ஃபதர்கில் அதை ஒட்டிய சிற்றூர். கம்பர்லாந்துக் கடற்கரை, அதுவும் நிலக்கரி பூமி. நடப்புச் சாம்பியனாகக் கோப்பையை வைத்திருந்த விகனோடு அவர்களைக் கோத்துவிட்டது குலுக்கல் சீட்டு.

கார்லைலில் வண்டி மாறிப் போனேன். ஃப்ளிம்பியில் வண்டி தானாக நிற்காது. இறங்க வேண்டும் என்று கார்டிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சொன்னேன். "ஃப்ளிம்பியா?" என்று இரண்டு முறை கேட்டார். இறங்கியது நான் ஒருவன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் சால்வே கழிமுகம், எதிர்க்கரையில் ஸ்காட்லாந்து மலைகள் சாம்பல் கோடாக. காற்று என் மங்கிக் குல்லாவையே கழற்றப் பார்த்தது. நாயோடு வந்த ஒரு அம்மாளிடம் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நூத்திப் பதினாறா? அவங்களை இங்க வந்து ஆடச் சொல்லியிருக்கணும். இந்தக் காத்துல 22 கோல் அடிக்கட்டும் பார்க்கலாம்."

அந்த வருஷம் கோப்பையை விகன் ஜெயித்ததா என்று கேட்டார். இல்லை, இறுதி ஆட்டத்தில் ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸை 16–3 என்று வென்று ஓல்டம் எடுத்துக்கொண்டது, முந்தின வருஷ இறுதியில் விகனிடம் தோற்ற அதே ஓல்டம் என்றேன். "நல்லது" என்று சொல்லிவிட்டு நாயை இழுத்துக்கொண்டு போனார். திரும்பும் வண்டியை நடைமேடையில் நின்று கை காட்டி நிறுத்தினேன், எங்கள் ஊர் டவுன் பஸ் மாதிரி.

மறுநாள் வேலியோரம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். 24 முறை நடுக்கோட்டுக்கு வந்ததைச் சொன்னபோது பெரியவர் கொஞ்ச நேரம் ரோஜாச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். இளகிவிட்டார் என்று நினைத்தேன்.

"அந்த ரெண்டுல ஒண்ணு போஸ்ட்ல பட்டுத் திரும்பிருச்சு. எங்கப்பா சொல்லியிருக்கார்" என்றார்.

"இன்னொண்ணு?"

"அது கோல்தான். கொடி பிடிச்சு நின்னவனுக்குக் கண்ணு தெரியலை."

"அப்படின்னா ஸ்கோர் 118 ஆகணுமே?"

"அதைத்தானே நானும் சொல்றேன்" என்று அவர் உள்ளே போய்விட்டார்.