காலும் ரகரமும்

1974-ஆம் வருஷம் சென்னையில் ஓர் அச்சகத்தில் புரூப் திருத்துகிற வேலை பார்த்தேன். அதன் பெயர் வேண்டாம். முதல் தேதி தவறாமல் சம்பளம் கொடுத்த இடம்.

பள்ளிப் பாடப் புத்தகம் ஒன்று அச்சாகிக்கொண்டிருந்தது. 'பாடம்' என்பது 'பரடம்' என்று வரும். 'காலம்' 'கரலம்' ஆகும். நான் திருத்தி அனுப்புவேன். மறுநாள் வேறு பக்கத்தில் அதே பிழை. எழுத்துக் கோத்தவர் வயதான கம்பாசிட்டர். அவர் பெயருக்கு நேரே பிழைகளை எண்ணி எழுதித் தரும்படி மானேஜர் உத்தரவு. எழுதிக் கொடுத்தேன். அந்த மாதம் அவர் சம்பளத்தில் மூன்று ரூபாய் பிடித்தார்கள். கிழவருக்குக் கண் போய்விட்டது, நிறுத்திவிடலாம் என்ற பேச்சும் கிளம்பிற்று.

ஈய எழுத்தில் ரகரத்துக்கும் காலுக்கும் உள்ள வித்தியாசம் அடியில் ஒரு சின்னக் கீற்று. கம்பாசிட்டர் ஒவ்வோர் எழுத்தையும் உற்றுப் பார்த்து எடுப்பதில்லை. எது எந்த அறையில் என்று கைக்குத் தெரியும். படித்தவனாகிய எனக்கு இது தோன்றவில்லை. போர்மனுக்குத் தோன்றிற்று. அவர் கிழவரைக் கூப்பிடவே இல்லை. கேஸில் கால் இருக்கும் அறையிலிருந்து ஒரு பிடி அள்ளி வெள்ளைத் தாளில் பரப்பினார். நாலில் ஒன்று ரகரம்!

அச்சடித்து முடிந்த பக்கங்களைப் பிரித்து எழுத்துக்களை அறைகளில் போடுகிறவன் ஒரு பையன். அவனிடம் போனார்.

"ஏண்டா தம்பி, இது ரகரம்னு தெரியலையா?"

"படிக்குக் கீழே பல்பு எரியலீங்களே அண்ணே. சாயங்காலமானா எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு."

இரண்டு வாரத்துக்கு முன் அவன் இதை என்னிடமே சொல்லியிருந்தான். "மானேஜரிடம் சொல்லப்பா" என்று அனுப்பிவிட்டேன். அந்த அறைக்குள் நுழைய அவனுக்குத் தைரியம் ஏது?

டொயோட்டா தொழிற்சாலையின் தாயிச்சி ஓனோ 1978-இல் வெளியிட்ட புத்தகத்தில் ஓர் உதாரணம் தருகிறார். யந்திரம் ஏன் நின்றது? பாரம் அதிகமாகிப் பியூஸ் போயிற்று. பாரம் ஏன் அதிகம்? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன்? பம்பு சரியாக இறைக்கவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன்? வடிகட்டி இல்லாததால் உலோகத் துணுக்குகள் உள்ளே போயின. புதுப் பியூஸ் மட்டும் போட்டிருந்தால் யந்திரம் ஓடியிருக்கும், மறுபடியும் நிற்பதற்காக. படித்தபோது எங்கள் போர்மன்தான் நினைவுக்கு வந்தார். ஐந்து கேள்வியில் ஓரிடத்திலும் 'யார்' வரவில்லை. என் நோட்டில் இருந்ததோ அது ஒன்றுதான்.

பல்பு அன்று மாலையே வந்தது. கேஸைக் கொட்டிப் பிரிக்க ஒன்றரை நாள் ஆயிற்று. நானும் உட்கார்ந்து பிரித்தேன். கிழவர் வேலையில் நீடித்தார். பிடித்த மூன்று ரூபாயை மட்டும் திருப்பித் தரவில்லை. அந்த மாதக் கணக்கு முடிந்துவிட்டதாம்.