இரண்டு தடங்கள்

என் அண்ணன் பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடிப்பவர். அவர் மகள் பொறியியல் பட்டயப் படிப்புப் பயில்கிறாள். தந்தையின் தோணியை முப்பரிமாண வரைபடமாகக் கணிப்பொறியில் வரைந்துகொண்டிருந்தாள். படத்தைச் சற்றே திருப்பினாலும் கணிப்பொறி திணறிற்று. ரேம் என்று வழங்கும் நினைவகத் தகடு ஒன்றே அதில் இருந்தது. அதன் அளவு 8 ஜிபி. இறால் பருவத்தில் மிச்சம் பிடித்த பணத்தில் அண்ணன் அதே வகையான மற்றொன்றை வாங்கி வந்தார். அதைப் பொருத்தும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

மதர்போர்டு என்னும் தாய்ப்பலகையில் ரேமுக்கென நான்கு ஸ்லாட்டுகள் இருந்தன. பழைய தகடு இரண்டாவதில் இருந்தது. அதற்குப் பக்கத்தில், முதலாவதில், புதியதைச் செருகினேன். திரையில் 16 ஜிபி என்று தெரிந்தது. நான் பெருமிதம் கொண்டேன். ஆனால் படமோ முன்போலவே திக்கித் திக்கித் திரும்பியது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள், பலகையுடன் வந்த கையேட்டைத் தேடி எடுத்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது! மூளையாகிய செயலியிலிருந்து எண்ணினால் ஏ1, ஏ2, பி1, பி2 என்பன அந்த நான்கு இடங்கள். முதலிரண்டும் ஒரு சேனல். பின்னிரண்டும் மற்றொரு சேனல். சேனல் என்பது செயலிக்கும் ரேமுக்கும் இடையே செய்தி செல்லும் தடம். டிடிஆர்4 3200 வகை ரேமில் ஒரு தடம் நொடிக்கு 25.6 ஜிபி வரை கொண்டுசெல்லும். இரு தடங்களும் இயங்கினால் 51.2 ஜிபி. தனி வரைகலை அட்டை இல்லாத எங்கள் கணிப்பொறி, படம் வரைவதற்கும் இந்த ரேமையே நம்பியிருந்தது. நானோ இரண்டையும் ஒரே தடத்தில் அடைத்து, மற்றதை வெறுமையாக விட்டிருந்தேன்.

கையேட்டுப் படத்தை அண்ணனிடம் காட்டினேன். “தம்பி, ஒரே நீரோட்டத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு வலை கட்டுவார்களா?” என்றார்.

உவமை முற்றும் பொருந்தாது. பின்வலைபோல் இரண்டாம் தகடு வெறுமையாக இருப்பதில்லை. இரண்டும் ஒரே தடத்தை மாறி மாறிப் பயன்படுத்தும். எங்கள் ஏரியில் ‘பாடு’ என்றொரு வழக்கம் உண்டு. நல்ல மீன்பிடி இடங்களில் எவர் என்று வலையிடுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். ஏரிக்கு அம்முறை நன்று. ரேமுக்கு அதுவே தாமதம்.

கணிப்பொறியை நிறுத்தி மின்கம்பியைப் பிடுங்கினேன். உடலில் தங்கிய நிலைமின்சாரம் தகட்டைக் கெடுக்காதிருக்கப் பெட்டியின் உலோகத்தைத் தொட்டேன். தகட்டை ஓரங்களில் மட்டும் பிடித்து நான்காம் இடமாகிய பி2-வில் வைத்தேன். அடியிலுள்ள வெட்டு நடுவில் இராது. ஆகவே மாற்றிச் செருக இயலாது. இரு முனைகளையும் ‘டக்’ என்ற ஒலி கேட்கும்வரை அழுத்தினேன். ஒன்றும் மூன்றும் ஆகாவோ எனில், பெரும்பாலான பலகைகளில் கம்பித்தடம் முதல் ஸ்லாட்டைக் கடந்து அடுத்ததில் முடிகிறது. முடிவிடம் காலியாக இருந்தால் மின்குறிகள் அங்கே முட்டி மீண்டு, வேகம் மிகும்போது பிழை விளைவிக்கும். பலகைக்குப் பலகை இது மாறக்கூடும். கையேடு சொல்வதே முடிவு.

விசையை அழுத்தினேன். திரை சில நொடிகள் இருண்டே கிடந்தது. எனக்கு மூச்சு நின்றது. பின்னர் பயாஸ் பக்கத்தில் ‘டூயல் சேனல்’ என்ற சொற்கள் தோன்றின.

மகள் தோணியைத் திருப்பினாள், தடையின்றித் திரும்பியது. அண்ணன் திரையருகே குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

“அணியம் இன்னும் கொஞ்சம் உயர வேண்டும், அம்மா” என்றார்.