ஜாம் ஆகுமா, ஆகாதா?

ஆவடி என்றாலே டாங்கி ஞாபகம்தான் வரும். ஆனால் இடுப்பில் சொருகும் குட்டித் துப்பாக்கிக்கு ஊர் இஷாப்பூரும் கான்பூரும். இஷாப்பூரின் .32 பிஸ்டல் பெயர் அஷானி. கான்பூரில் 2014இல் வந்த ரிவால்வர் நிர்பீக், எடை ஏறக்குறைய அரைக் கிலோ, விலை அப்போதே லட்சத்துக்கு மேல்(!).

பிஸ்டல் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, ஜாம். சின்னத் துப்பாக்கியில் ஸ்லைடு ஓடும் தூரம் குறைவு. காலிக் கூடு வெளியே விழாமல் மாட்டிக்கொள்ளும், இல்லையென்றால் அடுத்த தோட்டா மேகசினிலிருந்து ஏறாது. ரிவால்வரில் தோட்டா வெடிக்காவிட்டால் விசையை இன்னொரு முறை இழுத்தால் போதும், சிலிண்டர் சுழன்று அடுத்தது வந்துவிடும். பிஸ்டலில் ஸ்லைடைப் பின்னால் இழுத்துவிட வேண்டும். எதிரே ஆள் நிற்கும்போது கை நடுங்காதா என்ன?

சுட்டுச் சுட்டுப் பழகலாம் என்றால் லைசென்ஸில் தோட்டாவுக்குக் கணக்கு உண்டு. வெளிநாட்டுச் சரக்கு வாங்கலாம் என்றால், சாதாரண ஆட்களுக்கான இறக்குமதி 1980களிலேயே நின்றுவிட்டது. அதனால்தான் தாத்தா காலத்து வெப்ளிக்கு இன்னும் கிராக்கி. 9 எம்.எம்.? அது தடை செய்யப்பட்ட ரகம்.

தேர்தல் வந்தால் அம்பத்தூர், பூந்தமல்லி லைசென்ஸ்காரர்களும் துப்பாக்கியைப் பெரும்பாலும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். திரும்ப வாங்கி வந்ததும் முதல் வேலை, பிரித்து எண்ணெய் போட்டுத் துடைப்பது.