விட்ட இடம் எது?

நாம் இந்த நாடுகளுக்கு வந்து சேர்ந்தது விமானத்தில்தான். எம்மில் பலருக்கு அதுவே வாழ்க்கையின் முதல் விமானப் பயணம். கையில் பயணப் பத்திரம், மடியில் பிள்ளை, மனதில் ஊர். முன்னால் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்த இருவர் அந்த நேரம் என்ன செய்து கொண்டிருந்தார்கள் என்று யோசிக்க எமக்கு அன்று அவகாசம் இருக்கவில்லை. அவர்கள் ஒரு பட்டியலை வாசித்துக் கொண்டிருந்தார்கள். ஒருவர் கேட்க மற்றவர் பார்த்துப் பதில் சொல்வார். எத்தனையோ ஆயிரம் தடவை பறந்தவர்களும் ஒவ்வொரு முறையும் சின்னப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது போல இதைச் சொல்லியே தீரவேண்டும்.

இந்தப் பழக்கம் வந்த கதை பழையது. 1935 ஒக்ரோபர் 30ஆம் திகதி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள றைற் விமானத்தளத்தில் போயிங் நிறுவனத்தின் புதிய குண்டுவீச்சு விமானம் ஒன்றைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். விமானம் மேலெழுந்த சிறிது நேரத்திலேயே விழுந்து எரிந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். இயந்திரத்தில் ஒரு பிழையும் இல்லை. தரையில் நிற்கும்போது காற்றுக்கு வாற்பகுதி ஆடாமல் பிடித்து வைக்கும் பூட்டை விடுவிக்க மறந்திருந்தார்கள். ஓட்டியவர் அனுபவமில்லாதவர் அல்லர். ஆனால் அந்த விமானத்தில் நினைவில் வைக்க வேண்டிய வேலைகள் ஒரு மனிதத் தலை தாங்கும் அளவைத் தாண்டிவிட்டன. அதன் பின்னர்தான், நினைவை நம்பாமல் கடதாசியை நம்புவோம் என்று விமானிகளுக்கான சரிபார்ப்புப் பட்டியல் உருவானது.

பட்டியல் வந்த பின்னர் மறதி ஒழிந்திருக்க வேண்டும் அல்லவா? ஒழியவில்லை.

1987 ஓகஸ்ட் 16ஆம் திகதி இரவு. அமெரிக்காவின் டெற்றோயிற் நகரிலிருந்து பீனிக்ஸ் நகருக்கு நோர்த்வெஸ்ற் நிறுவனத்தின் விமானம் புறப்பட்டது. விமானம் மேலெழும்போது இறக்கைகளின் பின்விளிம்பிலும் முன்விளிம்பிலும் உள்ள மடல்களை நீட்ட வேண்டும். அப்போதுதான் குறைந்த வேகத்தில் இறக்கை பாரத்தைத் தாங்கும். விமானம் ஓடுபாதையை நோக்கிச் செல்லும்போது செய்கிற வேலை இது. அந்த நேரத்தில்தான் கட்டுப்பாட்டுக் கோபுரம் வேறு ஓடுபாதை ஒன்றைக் கொடுத்தது. புதிய பாதைக்குப் பாரக் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. வானொலி அலைவரிசையை மாற்ற வேண்டியிருந்தது. திரும்ப வேண்டிய வளைவும் தவறிப் போனது. ஏற்கனவே நேரம் பிந்தியிருந்தது. இவ்வளவுக்கும் நடுவில் மடல்கள் நீட்டப்படவில்லை. அதைக் காட்டிக்கொடுக்க வேண்டிய பட்டியலும் வாசிக்கப்படவில்லை. விமானத்தில் இருந்த 155 பேரில் 154 பேரும் தரையில் இருவரும் இறந்தார்கள். தப்பியது 4 வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும்.

அடுத்த வருடம், 1988 ஓகஸ்ட் 31ஆம் திகதி, டலஸ் விமான நிலையத்தில் டெல்ரா நிறுவனத்தின் விமானம் தன் முறைக்காக வரிசையில் நின்றது. காத்திருந்த நேரத்தில் பணிப்பெண் ஒருவர் விமானி அறையில் இருந்தவர்களோடு கதைத்துக் கொண்டிருந்தார். பறவைகளைப் பற்றியும் வேறு பலதைப் பற்றியும் பேச்சு ஓடியது. அவர்கள் பட்டியலை வாசிக்காமல் விடவில்லை. மடல்கள் என்று கேட்டபோது பதினைந்து, பச்சை விளக்கு என்று பதிலும் வந்தது. ஆனால் மடல்கள் நீட்டப்பட்டிருக்கவில்லை. வாய் வழமையான பதிலைச் சொன்னது, கண் பார்க்கவில்லை. 108 பேரில் 14 பேர் இறந்தார்கள்.

இருபது வருடங்களுக்குப் பின், 2008 ஓகஸ்ட் 20ஆம் திகதி, ஸ்பெயினின் மட்றிட் நகரில் ஸ்பான்எயார் விமானத்திலும் இதுவே நடந்தது. முதலில் புறப்பட்டபோது மடல்களைச் சரியாகவே நீட்டினார்கள். பின்னர் வெப்பநிலை காட்டும் கருவியில் கோளாறு என்று திரும்பி வந்து, அதைப் பார்த்து முடித்து, இரண்டாம் முறை ஆயத்தமானார்கள். உதவி விமானி பட்டியலின் கடைசி வரியான மடல்களுக்கு வரும்போது, நகர்வதற்கு அனுமதி கேட்கும்படி தலைமை விமானி சொன்னார். அவர் அனுமதி கேட்டார். அந்தக் கடைசி வரி அப்படியே நின்றுவிட்டது. 172 பேரில் 154 பேர் இறந்தார்கள்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விடயம் எமக்கு உறைக்கிறது. டலஸில் மட்டுமே வீண் பேச்சு. டெற்றோயிற்றிலும் மட்றிட்டிலும் விமானிகளின் கவனத்தைத் திருப்பியது சோம்பலோ விளையாட்டோ அல்ல, இன்னொரு கடமை. மனதுக்கு ஒரு வேலையின் முடிவே அடுத்த வேலையின் அழைப்பு. நடுவில் வேறொன்று வந்தால் அந்தச் சங்கிலி அறுகிறது. திரும்பி வரும்போது, விட்ட இடத்துக்கு ஒரு படி தள்ளியே மனம் தொடங்குகிறது. அதோடு, நேற்றும் முந்தநாளும் அதே வேலையைச் செய்த நினைவு, இன்றும் செய்துவிட்டோம் என்று பொய்ச் சாட்சி சொல்கிறது. எவ்வளவு பழகிய வேலையோ அவ்வளவுக்கு இந்தப் பொய் பலமானது.

ஆகவே விமானத்துறை, கவனமாக இருங்கள் என்று புத்தி சொல்வதோடு நிற்கவில்லை. 1974இல் வட கரோலினாவின் சார்லட் நகரில் விமானிகள் அரசியலும் பழைய கார்களும் கதைத்துக்கொண்டே இறங்கிய விமானம் விழுந்து 72 பேர் இறந்தார்கள். இத்தகைய விபத்துக்களின் பின், 1981இல் அமெரிக்க விமானத்துறை ஒரு சட்டம் கொண்டு வந்தது. 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போதும் தரையில் நகரும்போதும் விமானி அறையில் தேவையற்ற பேச்சோ வேலையோ கூடாது. சட்டம் வந்த பின்னரும் டலஸ் நடந்தது உண்மை. சட்டத்தை எழுதுவது ஒன்று, அதைப் பழக்கமாக்குவது இன்னொன்று. பட்டியல் நடுவில் தடைப்பட்டு, விட்ட இடம் நிச்சயமில்லை என்றால் முதல் வரியிலிருந்து திரும்ப வாசிக்க வேண்டும் என்றும் விமானிகள் பழக்கப்படுகிறார்கள்.

இதை நாம் இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. புதிதாக வந்த குடும்பத்தின் ஒரு நாள், புறப்படும் விமானத்தின் அறை போன்றது. இரவு வேலை முடித்து வந்தவர் காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடம் விடவேண்டும். தாச்சியில் எண்ணெய் காயும்போது ஊரிலிருந்து தொலைபேசி அழைப்பு வருகிறது. அதை எடுக்காமல் விட எம்மால் முடியாது, அங்கே யாருக்கு என்னவோ என்று நெஞ்சு அடிக்கும். பிள்ளைக்குப் பாணி மருந்து கொடுத்தது அம்மாவா, அப்பாவா என்று தெரியாமல் இரண்டாம் முறையும் கொடுபடலாம். குடிவரவு அலுவலகப் படிவத்தை நிரப்பும்போது வாசலில் மணி அடிக்கும், கடைசிப் பக்கத்தில் கையெழுத்து விடுபடும். ஒரு கையெழுத்தால் மாதக் கணக்கில் காத்திருப்பு நீளலாம்.

அழைப்புகள் நிற்கப் போவதில்லை. ஆனால் எந்த நேரத்தில் எவற்றுக்கு இடமில்லை என்று வீட்டுக்கு வீடு தீர்மானிக்கலாம். அடுப்பில் எண்ணெய் இருக்கிறதா, முதலில் அடுப்பை அணைத்துவிட்டுத் தொலைபேசியை எடுப்போம். ஊர்க் கதை ஐந்து நிமிடம் பொறுக்கும், எண்ணெய் பொறுக்காது. மருந்து கொடுத்தவுடன் குளிர்ப்பெட்டியில் ஒட்டிய தாளில் நேரத்தை எழுதுவோம். படிவத்தை விட்டு எழும்பினால், திரும்பி வந்து முதற் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுப் பார்ப்போம். செய்தாயிற்று என்று மனம் சொல்வதை விட்டுக் கண் காண்பதை நம்புவோம்.

இன்னொன்றும் உண்டு. மடல்கள் நீட்டப்படாவிட்டால் சத்தமிட்டு எச்சரிக்கும் கருவி அந்த மூன்று விமானங்களிலும் இருந்தது. மூன்றிலும் அது ஒலிக்கவில்லை. எமது வீடுகளில் கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கைக் கருவியும் அப்படித்தான். மீன் பொரிக்கும்போதெல்லாம் கத்துகிறது என்று பற்றரியைக் கழற்றி வைத்த வீடுகள் பல. யன்னலைத் திறவுங்கள், பற்றரியைத் தொடாதீர்கள். மாதம் ஒரு தடவை பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

கடைசியாக, விமானி அறையில் உதவி விமானி கேட்பதும் தலைமை விமானி பதில் சொல்வதும் மரியாதைக் குறைவு அல்ல, அதுவே அவர்களது வேலை. எமது வழக்கத்தில் சிறியவர்கள் பெரியவர்களைக் கேள்வி கேட்பது குறைவு. இந்த ஒரு விடயத்திலாவது அதை மாற்றுவோம். "அப்பா, அடுப்பை நிப்பாட்டினீங்களோ?" என்று பிள்ளை கேட்டால் கோபிக்காமல், ஓம் என்று இருந்த இடத்திலிருந்து சொல்லாமல், எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வோம்.