படியில்லாத வழியே குதுப் மினாருக்கு



பிழைப்புக்காகத் தில்லியில் குடியேறிய நம் குடும்பங்களில் குதுப் மினாரைப் பார்க்காதவர்கள் குறைவு. ஊரிலிருந்து விருந்தினர் வந்தாலும் அங்கேதான் அழைத்துச் செல்கிறோம். ஆனால் வீட்டில் ஒருவர் சக்கர நாற்காலியில் இருப்பாராகில், அவரை வீட்டுக்குக் காவலாக வைத்துவிட்டு மற்றவர்கள் புறப்படுவதும் உண்டு. "அவருக்கு எதற்கு வீண் சிரமம்?" என்பார்கள். உண்மையில் அந்தச் சிரமம் அவருடைய கால்களில் இல்லை. வழியிலுள்ள படிகளில் இருக்கிறது.

2001 ஜனவரியில் இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் தில்லிக்கு வந்தார். இங்குள்ள நினைவுச் சின்னங்களுக்குள் அவருடைய சக்கர நாற்காலி செல்லத் தக்க வழி அப்போது இல்லை. தாமும் சக்கர நாற்காலியில் இயங்கியவரான ஜாவேத் அபிதி இதற்காகக் குரல் எழுப்பினார். அதன்பின் குதுப் மினார் உள்ளிட்ட இடங்களில் மரத்தாலான தற்காலிகச் சாய்தளங்கள் போடப்பட்டன. ஒருவருக்காகச் செய்ய முடிந்ததை எல்லாருக்கும் ஏன் செய்யக்கூடாது? காலப்போக்கில் குதுப் வளாகத்தில் நிலையான சாய்தளங்களே அமைந்தன. அபிதி 2018-இல் மறைந்தார். அவருடைய உழைப்பின் பலனை இன்று நீங்கள் அனுபவிக்கலாம்.

சக்கர நாற்காலியில் இருப்பவர் நீங்களேயானால், மெட்ரோ ரயிலில் புறப்படுங்கள். 2002 டிசம்பரில் ஓடத் தொடங்கிய இந்த ரயிலின் நிலையங்களில் லிஃப்ட் உண்டு. சீட்டுக் காட்டி நுழைய அகலமான வாயிலும், பெட்டியில் நாற்காலியை நிறுத்த இடமும் உண்டு. எந்த வாயிலருகே லிஃப்ட் இருக்கிறது என்பதை முன்னதாகவே கேட்டறியுங்கள். மஞ்சள் வழித்தடத்தில் குதுப் மினார் நிலையம் 2010 முதல் இயங்குகிறது. ஆனால் அங்கிருந்து வளாகம் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. மடக்கும் நாற்காலியானால் ஆட்டோவில் ஏற்றிக்கொள்வது நல்லது.

வளாகத்திற்குள் சென்றதும் ஓர் உண்மையைக் கவனியுங்கள். ஏறத்தாழ 73 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரத்தினுள் 379 படிகள் உள்ளன. 1981 டிசம்பரில் உள்ளே ஏற்பட்ட நெரிசலில் 45 பேர் உயிரிழந்தனர். அதுமுதல் பொதுமக்கள் எவரும் மேலே ஏற அனுமதியில்லை. ஆகவே நடந்து வந்தவரும் நாற்காலியில் வந்தவரும் ஒரே தரையில் நின்று, ஒரே விதமாக அண்ணாந்து பார்க்கிறார்கள். சுமார் 1,600 ஆண்டுகளாகத் துருவால் அழியாமல் நிற்கும் இரும்புத் தூணையும் வேலிக்கு வெளியே நின்றுதான் யாவரும் காண்கிறார்கள். அங்கே உங்களுக்குக் குறைவான காட்சி ஏதும் இல்லை.

சில எச்சரிக்கைகள் அவசியம். நவம்பர் முதல் மார்ச் வரையுள்ள மாதங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். கழுத்திலோ மேல்முதுகிலோ தண்டுவடம் காயமுற்றவர்களுக்கு வியர்வை குறைவதால் உடல் வெப்பம் எளிதில் ஏறிவிடும். உணர்ச்சியற்ற பகுதியில் படுக்கைப்புண் வராதபடி, இடையிடையே கைகளை ஊன்றி உடலைச் சற்று உயர்த்துங்கள். உடன் செல்பவர்களே, கேளாமல் நாற்காலியைத் தள்ளாதீர்கள். செங்குத்தான சரிவில் இறங்கும்போது அவரைப் பின்னோக்கியே இறக்குங்கள்.

வீடு திரும்பும் வழியில் ஐ.என்.ஏ. நிலையத்தில் இறங்கினால், அருகிலேயே தில்லி ஹாட் சந்தை இருக்கிறது. அங்கே கைத்தறியையும் கைவினைப் பொருட்களையும் அவரே பார்த்து, விலை பேசி வாங்கட்டும். பணப்பையும் அவர் கையிலேயே இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. அரசு அமைக்க வேண்டிய சாய்தளத்தை உரிமையோடு கேட்போம்; 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. ஆயினும் நம் வீட்டு வாசற்படிக்கு நாமே பொறுப்பு. ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும் என்பது கணக்கு. அரையடிப் படிக்கு ஆறடி போதும். நாம் கூடி ஜெபிக்கும் இடங்களில் எத்தனை மாடியில் இருக்கின்றன, எத்தனைக்கு லிஃப்ட் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தூக்கிச் செல்ல நான்கு பேர் ஆயத்தமாயிருப்பது அன்புதான். அவர் விரும்பிய நேரத்தில் தாமாகவே வந்துபோக வழி செய்வது அதிலும் மேலான அன்பல்லவா?