பதினாலாம் கட்டைக்குப் பக்கத்தில் ஒரு காடு

சனிக்கிழமை காலையில் புக்கிட் வாவாசான் ஏறி இறங்கி, ரொட்டி சானாய் கடையில் பசியாறும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. உடற்பயிற்சிக்கு ஒரு மேடு என்றுதான் பல நாள் நினைத்திருந்தேன். அது ஆயர் ஹீத்தாம் காட்டின் ஓரம்.

1906இல் காப்புக்காடாக அறிவித்தபோது 4,000 ஹெக்டருக்கு மேல் இருந்தது. இன்று மிச்சம் அதில் ஒரு சிறு பகுதிதான். சுற்றிலும் தாமான்கள், நெடுஞ்சாலைகள். உள்ளே மாட்டிக்கொண்ட விலங்கு வேறு காட்டுக்குப் போக வழியில்லை.

பூச்சோங் என்றால் என் அப்பாவுக்குப் பால்மரமும் ஈயச் சுரங்கமும்தான். கட்டைக் கணக்கில்தான் இன்றும் இடம் சொல்வார். ஆனால், நம்மவர்கள் தோட்டத்துக்கு வருமுன்பே இந்தக் காட்டை அறிந்தவர்கள் தெமுவான் பூர்வகுடியினர். காய்ச்சலுக்கு எந்த வேர், பிள்ளை பெற்றவளுக்கு எந்த இலை என்பதெல்லாம் அவர்களுக்கு வாய்வழிப் பாடம். அவர்களுடைய மூலிகைகளைப் பற்றி 1999இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே வெளிவந்தது. நாமோ காச்சிப் ஃபாத்திமாவைப் பொட்டலத்தில் வாங்குகிறோம்!

1996இல் சிலாங்கூர் அரசு இக்காட்டைப் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்துக்கு 80 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. அதனால்தான் இவ்வளவாவது தப்பியது என்பேன். குத்தகை முடிவது 2076இல். போன வாரம் என் முன்னால் மூச்சிரைக்க ஏறிய பத்து வயதுப் பையனுக்கு அப்போது அறுபது வயதாகியிருக்கும்.